தாத்தா வீடு – வேளச்சேரி (குழு)

நான்: வாசலில் மாநகராட்சி ஆட்கள் மழைநீர் வடிகாலைத் திறந்து தூர் வாருகிறார்கள். நம் பக்கச் சுவரிலிருந்து ஒரு குழாய் அதற்குள் போகிறது. நுரை வருகிறது. நாளைக்குள் நாமே எடுக்காவிட்டால் சிமென்ட் வைத்து அடைத்துவிடுவார்களாம்.

சித்தி: ஐயோ, பெட்ஷீட் ஊறப்போட்டிருக்கிறேன்

அப்பா: எந்தக் குழாய்?

நான்: மாடி வாஷிங் மெஷின் குழாய். படம் போட்டிருக்கிறேன்.

சித்தப்பா: அது நான் போட்டதில்லை

அத்தை மதுரை: உன்னை யாரும் கேட்கவே இல்லையே தம்பி

பெரியப்பா: எல்லோரும் பொறுமையாகப் படிக்கவும். பாதாளச் சாக்கடை வேறு, மழைநீர் வடிகால் வேறு. சாக்கடைத் தண்ணீர் பெருங்குடி சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். வடிகாலில் விழுவதை யாரும் வடிகட்டுவதில்லை. வீராங்கால் ஓடை, பள்ளிக்கரணை சதுப்பு நிலம், ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கோவளம் முகத்துவாரம், அப்புறம் கடல். நம் வீட்டு நுரையும் அந்த வழிதான். 2022-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்த சதுப்பு நிலம் அது. பூநாரை பார்க்கக் கேமராவோடு போகிறீர்கள், இங்கே சோப்புத் தண்ணீரை அனுப்புகிறீர்கள். அதைக் குடித்து ஆகாயத்தாமரைதான் கொழுக்கும். பகுதி 1 முற்றும்.

பிரியா: பகுதி 1-ஆ??

அத்தை மதுரை: அண்ணா, 2015 வெள்ளத்தில் மொட்டை மாடியில் உட்கார்ந்துகொண்டும் இதையேதான் சொன்னாய்

சித்தி: அன்றைக்குப் படகில் ஏறும்போது குக்கரை விடமாட்டேன் என்றது யாராம்

அத்தை மதுரை: அது அம்மா குக்கர். இப்போது யார் வீட்டு அடுப்பில் இருக்கிறது என்பதும் தெரியும்

அப்பா: குழாய்க்கு வாருங்கள்

சித்தப்பா: அந்தப் பிளம்பரைக் கூட்டி வந்தது பெரியண்ணன்

பெரியப்பா: சாக்கடைத் தொட்டி வரை இழுக்க இன்னும் பதினெட்டு அடிக் குழாய் வேண்டும் என்றான். காசு இல்லை என்றது நீ.

சித்தப்பா: பிரியா கல்யாணச் செலவு அப்போது

பிரியா: என்னை ஏன் இழுக்கிறீர்கள்

பெரியப்பா: பகுதி 2. குழாயோடு முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் தெருவில் ஷாம்பு போட்டுக் காரைக் கழுவுகிறான் ஒருவன், பெயர் சொல்லவில்லை. ஒரு வாளித் தண்ணீர், ஈரத்துணி போதும். கழுவித்தான் ஆகவேண்டும் என்றால் பின்பக்கம் மண் தரையில் நிறுத்து. பெயின்டர் வந்தால் தின்னரை வடிகாலில் கொட்ட விடாதீர்கள். வாசல் பெருக்கும் குப்பையை வடிகால் கம்பி ஜாலிக்குள் தள்ளக்கூடாது, இதை யாருக்குச் சொல்கிறேன் என்று அவருக்கே தெரியும்.

சித்தி: தெரியவில்லை

நான்: கார் விஷயம் சரி பெரியப்பா

பிரியா: நம் டைகர் வாக்கிங் போய் வைக்கிறதும் மழையில் அங்கேதான் போகும். பேப்பர் எடுத்துக்கொண்டு போ டா

நான்: அது உன் நாயும்தான்

பெரியப்பா: முக்கியமானதை மறந்துவிட்டேன். 2003-இல் அரசு கட்டாயமாக்கியபோது எங்கள் அப்பா கட்டிய மழைநீர்த் தொட்டி. மொட்டை மாடித் தண்ணீர் அதில் இறங்கினால் மண்ணுக்குப் போகும். இப்போது தெருவில் ஓடி, வழியிலிருக்கும் ஆயில், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வடிகாலுக்குப் போகிறது. ஜல்லியை அள்ளிக் கழுவிப் போட வேண்டும், ஐப்பசிக்கு முன்னால். ஆனால் மூடிமேல் ஒரு ஸ்கூட்டர் நிற்கிறது.

சித்தப்பா: ஸ்கூட்டரை யாரும் தொடவேண்டாம்

அத்தை மதுரை: அது ஓடிப் பதினோரு வருஷம் ஆகிறது

சித்தப்பா: ஓடும்

அப்பா: பிளம்பர் காலை 7 மணிக்கு வருகிறார். குழாயை மாற்றிச் சாக்கடையில் சேர்க்கிறோம். செலவு மூன்று பங்கு.

அத்தை மதுரை: சொத்துக்கும் மூன்றுதானே பிரித்தீர்கள். சரிதான்.

அப்பா: அக்கா, இப்போது அது வேண்டாம்

சித்தி: என் பெட்ஷீட்?

பிரியா: அலசுகிற தண்ணீரைப் பிடித்து வாழைக்கு ஊற்றுங்கள் சித்தி

பெரியப்பா: எந்தச் சோப்பு என்பதைப் பொறுத்தது. பகுதி 3 எழுதுகிறேன்

நான்: சித்தப்பா, உங்கள் பங்கு? நீல டிக் விழுந்துவிட்டது

நான்: சித்தப்பா??

சித்தப்பா: ஸ்கூட்டர் சாவியைத் தேடுகிறேன்