பிரேக் பெடல் கீழே இறங்குகிறதா? ஏர் எடுக்கும் முன் இதைப் பாருங்கள்

"பிரேக் சரியா பிடிக்கல, ஏர் எடுத்துக் குடுங்க" என்று சொல்லித்தான் பெரும்பாலும் வண்டியைப் பட்டறையில் விடுகிறார்கள். ஏர் எடுத்தால், அதாவது பிரேக் ஆயில் போகும் லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றினால், தீருவது ஒரு வகைக் கோளாறு மட்டும்தான். பெடல் எப்படி இறங்குகிறது என்று முதலில் பாருங்கள்.

பஞ்சு மாதிரி அமுங்கி, அடுத்தடுத்து அடிக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக மேலேறினால் லைனில் காற்று இருக்கிறது. முதல் மிதி தாழ்ந்துபோய், இரண்டாவது மிதியிலேயே உயரத்தில் கெட்டியாக நின்றால் பின் டிரம்மைச் சந்தேகப்படுங்கள். அட்ஜஸ்டர் துருப்பிடித்து, ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடியிருக்கும். காலை எடுக்காமல் அழுத்தி வைத்திருக்கும்போதே மெதுவாக இறங்கிக்கொண்டு போனால் அது கசிவு. வெளியே கசியலாம், மாஸ்டர் சிலிண்டருக்கு (பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக்கும் பாகம்) உள்ளேயும் கசியலாம்.

இன்ஜினை நிறுத்திவிட்டு ஐந்தாறு முறை மிதித்து பூஸ்டரில் (மிதிக்குக் கூடுதல் பலம் தரும் பாகம்) உள்ள வாக்குவத்தைத் தீர்த்துவிடுங்கள். பிறகு நடுத்தர அழுத்தத்தில் 30 விநாடி காலை வைத்திருங்கள். அசையாமல் நிற்க வேண்டும். காலை எடுக்காமலே ஸ்டார்ட் செய்தால் பெடல் சிறிது இறங்கி நிற்கும். அது பூஸ்டர் வேலை செய்வதற்கான அடையாளம், கோளாறு அல்ல.

*

மேலே சொன்னதோட இதையும் சேர்த்துக்கோங்க. பெடல் இறங்குதுன்னா அடுத்து மாஸ்டர் சிலிண்டருக்கு ஆயில் தர்ற டப்பாவுல பிரேக் ஆயில் மட்டத்தைப் பாருங்க. மார்க்கர்ல கோடு போட்டு வச்சிட்டு ரெண்டு நாள் கழிச்சுப் பார்த்தா போதும். குறைஞ்சிருந்தா வெளிக் கசிவு. பேட் தேய்ஞ்சாலும் மட்டம் இறங்கும், ஆனா அது மாசக்கணக்குல மெதுவா நடக்கும்.

கசிவைத் தேட வேண்டிய இடங்கள்: பின் டிரம்மைக் கழட்டி வீல் சிலிண்டரோட ரப்பர் பூட்டை விரலால நெம்பிப் பாருங்க. உள்ளே ஈரமா இருந்தா கப் (ஆயிலைத் தடுக்கிற ரப்பர் சீல்) போச்சு. ஷூவுல ஆயில் ஊறியிருந்தா துடைச்சுப் போடாதீங்க, அந்த அச்சுல ரெண்டு பக்கமும் புது ஷூ போடுங்க. அப்புறம் காலிப்பர் (டிஸ்க் பிரேக்குல பேடை அழுத்துற பாகம்) பிஸ்டன் ஓரம், ஹோஸ் முனையில இருக்கிற காப்பர் வாஷர், வண்டிக்கு அடியில கிளிப் பிடிச்சிருக்கிற இடத்துல துரு ஏறின ஸ்டீல் பைப்.

எங்கேயும் ஈரமே இல்லை, ஆனா ஆயில் குறையுதுன்னா மாஸ்டரோட பின் சீல் வழியா பூஸ்டருக்குள்ள போகுது. மாஸ்டரைப் பிடிச்சிருக்கிற ரெண்டு நட்டைக் கழட்டி, பைப் வளையாம கொஞ்சம் முன்னால இழுத்தா தெரிஞ்சிடும். நிறைய பேர் இந்த இடத்தைப் பார்க்காமலே விட்டுடறாங்க.

*

மட்டம் குறையாமல் பெடல் மட்டும் இறங்கினால் மாஸ்டருக்குள் கப் அழுத்தத்தை விட்டுக்கொடுக்கிறது. இதற்கு ஒரு தெளிவான அறிகுறி உண்டு: வேகமாக மிதித்தால் நன்றாகப் பிடிக்கும், சிக்னலில் லேசாகக் காலை வைத்திருந்தால் இறங்கிப்போகும். கப்பின் உதடு சிலிண்டர் சுவரோடு ஒட்டுவதற்கு அழுத்தம் வேண்டும். தேய்ந்த கப்புக்கு லேசான மிதி போதாது. அதனால்தான் ரோட்டில் ஓட்டிப் பார்க்கும்போது பலருக்கு இந்தக் கோளாறு பிடிபடுவதில்லை.

உறுதி செய்ய, மாஸ்டரிலிருந்து வெளியே போகும் பைப்புகளைக் கழற்றிவிட்டு அதே மரையுள்ள அடைப்பு போல்ட் போட்டு, மாஸ்டரில் மட்டும் ஏர் எடுத்து மிதியுங்கள். பெடல் உயரத்திலேயே கெட்டியாக நின்றால் மாஸ்டர் நல்லது, கோளாறு கீழே. அப்போதும் இறங்கினால் மாஸ்டர்தான்.

உள்சுவரில் குழி விழுந்திருந்தால் வாஷர் கிட் (ரப்பர் கப்புகளை மட்டும் மாற்றும் செட்) போடாதீர்கள். அலுமினியச் சிலிண்டரை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது இன்னும் மோசம், மேற்பூச்சு போய்விடும். முழு மாஸ்டரையே மாற்றுங்கள். பிரேக்கில் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிப்பது எனக்கு ஒப்பாது. புதியதைப் பொருத்துவதற்கு முன் வைஸில் பிடித்து, வாய்களிலிருந்து குழாயை டப்பாவுக்கே திருப்பிவிட்டு, குமிழி நிற்கும் வரை மெதுவாகத் தள்ளி ஏர் எடுங்கள்.

*

ஏர் எடுக்கறதைப் பத்தி இதுவரைக்கும் முழுசா சொல்லலையே, இப்போ சொல்றேன். 500 மில்லி பிரேக் ஆயில் புட்டி ரெண்டு, நிப்பிளுக்கு, அதாவது சக்கரத்துல காத்தை வெளியே விடுற திருகுக்குச் சேர்ற ரிங் ஸ்பேனர் (பெரும்பாலும் 8 அல்லது 10 எம்எம்), தெளிவான பிளாஸ்டிக் குழாய், ஒரு உதவி ஆள். வண்டியை ஜாக்கியில மட்டும் நிறுத்தாதீங்க, ஸ்டாண்ட் போடுங்க.

வழக்கமா மாஸ்டருக்குத் தூரமான சக்கரத்துல தொடங்கணும். நம்ம ஊர் வண்டியில பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. சில மாடலுக்கு வேற வரிசை, கையேட்டைப் பாருங்க. உதவியாள் மெதுவா மிதிச்சுப் பிடிச்சதும் நிப்பிளைக் கால்வாசி சுத்து திறங்க. மூடின பிறகுதான் அவர் காலை எடுக்கணும். டப்பா பாதிக்குக் கீழே போகக்கூடாது, வத்திப்போய் காத்து உள்ளே போனா முதல்ல இருந்து செய்யணும்.

பழைய வண்டியில பெடலைத் தரை வரைக்கும் மிதிக்க விடாதீங்க. வழக்கமா பிஸ்டன் போகாத பகுதியில துரு, அழுக்கு இருக்கும். அதுல உரசி கப் கிழிஞ்சிடும். பெடலுக்கு அடியில ஒரு மரக்கட்டை வச்சாப் போதும். ஏர் எடுத்த மறுநாளே மாஸ்டர் போச்சுன்னு வர்ற வண்டிகள்ல பல இப்படிக் கெட்டதுதான்.

*

காலிப்பர் மாற்றிய பிறகு எத்தனை முறை ஏர் எடுத்தாலும் பஞ்சாகவே இருக்கிறதா? நிப்பிள் மேல் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இடது, வலது மாறிப் பொருத்தினால் நிப்பிள் கீழே போய்விடும், காற்று மேலேயே தங்கிவிடும். ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வண்டியில் டப்பா வற்றியிருந்தால் மாடுலேட்டர் என்ற அதன் வால்வுப் பெட்டிக்குள் காற்று சிக்கியிருக்கலாம். பல மாடல்களில் ஸ்கேனர் மாட்டி உள்ளே இருக்கும் மோட்டாரையும் வால்வுகளையும் இயக்கித்தான் எடுக்க முடியும்.

*

கொல்லிமலையோட 70 கொண்டை ஊசி வளைவும் இறங்கும்போது பெடல் தளர்ந்து, கீழே வந்து ஆறின பிறகு தானா சரியாகுதுன்னா அது ஆயில் கொதிச்சது. டாட் 3ங்கிற பிரேக் ஆயில் வகை புதுசா இருக்கும்போது குறைஞ்சது 205 டிகிரி செல்சியஸ் வரைக்கும் கொதிக்காம தாங்கணும், ஈரம் இழுத்த பிறகு 140தான். டாட் 4க்கு 230, 155. ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாத்துங்க. திறந்து பல மாசம் ஆன புட்டியை ஊத்தாதீங்க. சிலிகான் வகையான டாட் 5ஐ இதுங்களோட கலக்கவே கூடாது. மலை ஏறும்போது போட்ட அதே கியர்லயே இறங்குங்க.

தெரியாம ஸ்டீயரிங் ஆயிலையோ இன்ஜின் ஆயிலையோ டப்பாவுல ஊத்திட்டா வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க, பெடலையும் தொடாதீங்க. ரப்பர் எல்லாம் உப்பிடும். லைனுக்குள்ள இறங்கியிருந்தா மாஸ்டர், ஹோஸ், காலிப்பர் சீல், வீல் சிலிண்டர் கப் எல்லாத்தையும் மாத்தித்தான் ஆகணும்.