ஆபத்தைச் சொன்னால் 300 ரூபாய்: கொடுக்கலாமா, கூடாதா?

பிரஸ்ஷாப்
எல்லோருக்கும் வணக்கம். ஓசூர்ப் பக்கம் கார் உதிரிபாக ஆலை ஒன்றில் சேஃப்டி ஆபீசராக இருக்கிறேன். 40 பவர் பிரஸ் (தகட்டை அச்சில் அடித்து வடிவாக்கும் மெஷின்), மூன்று ஷிப்ட், பாதிக்கு மேல் கான்ட்ராக்ட் ஆட்கள்.

இதுவரை எங்களிடம் இருந்த பரிசு இதுதான்: மூன்று மாதம் விபத்தே இல்லாமல் ஓட்டிய ஷிப்டுக்கு ஆளுக்கொரு குக்கர். போன வருடம் ஒரு பையனுக்கு விரல் நுனி நசுங்கிவிட்டது. கர்ச்சீப்பைச் சுற்றிக்கொண்டு ஷிப்ட் முடியும்வரை நின்று வேலை பார்த்தான். குக்கர் போய்விடும், வெளியே சொல்லாதே என்று கூட நின்றவர்களே சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் கை வீங்கி வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கே குக்கரை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தேன்.

அதற்குப் பதிலாக இப்போது ஒரு திட்டம். ஆபத்தைப் பார்த்துச் சீட்டு எழுதிப் பெட்டியில் போட்டால், அது சரிசெய்யப்பட்டதும் எழுதியவருக்கு 300 ரூபாய். அவரே சரிசெய்தால் 500. அடுத்த மாதம் ஆரம்பிக்கிறோம். உங்கள் இடங்களில் இப்படிக் கொடுத்திருந்தால் என்ன ஆயிற்று என்று சொல்லுங்கள்.

உருக்காலைத்தோழர்
குக்கரை நிறுத்தியதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் இந்த 300 ரூபாயும் தப்பு என்பேன்.

ஓடுகிற பாகத்துக்கு மறைப்புப் போட வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 21ஆம் பிரிவே சொன்னது. அது நிர்வாகத்தின் கடமை. அந்தக் கடமையைத் தொழிலாளி நினைவூட்டினால் பரிசு என்று ஆக்கும்போது பொறுப்பு மெல்ல இடம் மாறுகிறது. நாளைக்கு ஒருவருக்குக் கை போனால் முதல் கேள்வி என்னவாக இருக்கும்? “நீ தினமும் நிற்கிற மெஷின்தானே, ஏன் சீட்டு எழுதவில்லை?” கோவையில் 27 வருடம் ஃபவுண்டரியில், அதாவது வார்ப்பாலையில் இருந்தவன் நான். விசாரணை என்று உட்கார வைத்து, அடிபட்டவனையே குற்றவாளியாக்கி அனுப்பியதை நேரில் பார்த்திருக்கிறேன்.

சம்பளக்கணக்கு
தோழர், இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். விபத்து இல்லை என்பதற்குப் பரிசு கொடுத்தால் விபத்து மறைக்கப்படும். ஆபத்தைச் சொன்னதற்குப் பரிசு கொடுத்தால் ஆபத்து வெளியே வரும்.

முதல் வகை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2005 மார்ச் 23 அன்று டெக்சாஸ் சிட்டியில் பிபி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வெடித்ததே போதும். 15 பேர் இறந்தார்கள், 180 பேருக்குக் காயம். ஆளுக்கு அடிபட்ட கணக்கு குறைவாக இருக்கிறது, ஆகவே ஆலை பாதுகாப்பாக இருக்கிறது என்று நம்பியதை விசாரணை அறிக்கை குறையாகவே எழுதியது. 2010இல் கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டிய டீப்வாட்டர் ஹொரைசன் மேடை வெடித்து 11 பேர் இறந்த அன்று, ஏழு வருடம் காயத்தால் வேலைநாள் இழப்பே இல்லை என்று பாராட்ட மேலதிகாரிகள் வந்திருந்தார்கள். அந்தக் கணக்கு சரியாகவே இருந்திருக்கலாம். கிணற்றுக்குள் ஏறிக்கொண்டிருந்த அழுத்தத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு நிர்வாகமான ஓஷா 2018இல் கொடுத்த விளக்கமும் இதையே பிரித்துச் சொல்கிறது. ஆபத்தையோ, நூலிழையில் தப்பிய சம்பவத்தையோ சொல்பவருக்குப் பரிசு தருவதில் தடை இல்லை. காயக் கணக்கை வைத்துத் தருகிற பரிசென்றால், ஆட்கள் பயப்படாமல் காயத்தைச் சொல்ல ஏற்பாடு இருக்க வேண்டும். பிரஸ்ஷாப் சார் நல்ல பக்கம்தான் நகர்ந்திருக்கிறார்.

டூல்ரூம்
300 இருக்கட்டும். அந்த 500ஐ முதலில் எடுங்க சார்.

நான் டை ஃபிட்டர், பிரஸ்ஸில் டை என்கிற அச்சை மாட்டுகிறவன். முன்னால் வேலை பார்த்த இடத்தில் “நீயே கண்டுபிடி, நீயே சரிசெய்” என்று ஒரு போட்டி வைத்தார்கள். ஜெயித்தவருக்கு மிக்சி. ஒரு ஹெல்பர் பையன், பிரஸ்ஸின் மறைப்புத் தகடு ஆடுகிறதென்று ஸ்பேனர் எடுத்துக்கொண்டு தானே முடுக்கப் போனான். மோட்டாரை ஆஃப் செய்திருந்தான், ஆனால் ஃப்ளைவீல் என்கிற கனமான சக்கரம் சுற்றுவது நிற்கவில்லை. டைக்கு நடுவில், மேல்பாகம் இறங்காமல் தாங்கும் சேஃப்டி பிளாக் வைக்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. ராம் என்கிற அந்த மேல்பாகம் ஒரு முறை இறங்கியது. வலது கையில் இரண்டு விரல். மிக்சி வாங்கினால் அக்கா கல்யாணத்துக்கு ஆகும் என்று காலையில்தான் என்னிடம் சொல்லியிருந்தான்.

பிரஸ்ஸில் மெயின் ஸ்விட்சைப் பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு, ஃப்ளைவீல் நின்றதைக் கண்ணால் பார்த்து, பிளாக் வைத்த பிறகுதான் கையை நீட்ட வேண்டும். அதைப் பழகாதவனைக் காசைக் காட்டி உள்ளே கூப்பிடாதீங்க. எண்ணெய் சிந்தியதைத் துடைப்பது வேறு, மெஷினைத் தொடுவது வேறு.

பிரஸ்ஷாப்
படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. 500ஐ எடுத்துவிடுகிறேன். துடைப்பது, வழியை அடைக்கும் சாமானை நகர்த்துவது மட்டும் யாரும் செய்யலாம், மற்றதெல்லாம் மெயின்டனன்ஸ் என்று எழுதிவிடுகிறேன்.

இழைமுறுக்கு
நான் திண்டுக்கல் பக்கம் ஸ்பின்னிங் மில்லுல இருக்கேங்க. எங்க மில்லுலயும் பெட்டி இருந்துச்சு. எங்க லைன்ல மட்டும் பதினோரு சீட்டு போட்டோம். ரிங் ஃபிரேம் கடைசியில பெல்ட் மூடுற தகடு, நாலு போல்ட்டுக்கு ஒரே போல்ட்டுல தொங்கிட்டு இருந்துச்சு. துப்பட்டா மாட்டுனா ஆளோட இழுத்துரும். பதினோரு சீட்டுக்கும் பதில் இல்ல. பெட்டிச் சாவி சூப்பர்வைசர்கிட்ட. எழுத்தப் பாத்து யாருன்னு கண்டுபிடிச்சு, ஹாஸ்டல் பிள்ளைங்கள நைட் ஷிப்ட்டா மாத்தி மாத்திப் போட்டாரு. அதுக்கப்புறம் யாரு எழுதுவா?

புது மெயின்டனன்ஸ் அண்ணன் ஒருத்தர் வந்தாரு. வாயாலதான் சொன்னேன். அன்னிக்குச் சாயங்காலமே போல்ட் போட்டுட்டு, “வந்து ஆட்டிப் பாரும்மா”ன்னு கூப்பிட்டாரு. ஆட்டிப் பாத்தேன், அசையல. அந்த வாரம் எங்க லைன்ல ஏழு பேர் அவர்கிட்ட ஏதாவது ஒண்ணு சொன்னாங்க. ஒத்தப் பைசா பரிசு இல்லைங்க.

ஒடிசாப் பிள்ளைங்க நிறைய இருக்காங்க. அவங்க எந்த மொழியில சீட்டு எழுதுவாங்க? அதையும் யோசிங்க சார்.

உருக்காலைத்தோழர்
இந்தத் தங்கை சொல்வதைத்தான் நானும் சொல்ல வந்தேன், இவ்வளவு தெளிவாக வரவில்லை. கொடுக்க வேண்டியது பதில். 1987இல் அல்கோவா அலுமினிய நிறுவனத்துக்குத் தலைவராக வந்த பால் ஓ’நீல், மேலாளர்கள் சரிசெய்யாவிட்டால் எனக்கே கூப்பிடுங்கள் என்று தொழிலாளர்களுக்குத் தன் வீட்டு டெலிபோன் எண்ணைக் கொடுத்தார். முதலாளி வர்க்கத்து ஆள்தான். ஆனாலும் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இன்னொன்று. போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, தொழிற்சாலைச் சட்டத்தின் 1987 திருத்தத்தில் 41எச் என்ற பிரிவு வந்தது. உடனடி ஆபத்து என்று பட்டால் தொழிலாளி நிர்வாகத்திடமும், அதே நேரத்தில் இன்ஸ்பெக்டரிடமும் சொல்லலாம். உரிமையாக வாங்கியதை ஏன் 300 ரூபாய்ச் சீட்டாகக் குறைக்கிறீர்கள்?

சம்பளக்கணக்கு
ஒரு திருத்தம் தோழர். 41எச் அபாயகரமான செய்முறை நடக்கும் ஆலைகளுக்கு மட்டும் எழுதப்பட்டது. உங்கள் ஃபவுண்டரி அந்தப் பட்டியலில் இருந்தது, பிரஸ் ஷாப் இல்லை. 2020 தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில்தான் 14ஆம் பிரிவு அந்த வரம்பில்லாமல் எழுதப்பட்டது. அதே தொகுப்பின் 13ஆம் பிரிவு, ஆபத்தைக் கண்டால் சொல்வது தொழிலாளியின் கடமை என்றும் சொல்கிறது. நீங்கள் பயந்த “ஏன் எழுதவில்லை” என்ற கேள்வி பரிசால் வரப்போவதில்லை. அது சட்டத்திலேயே இருக்கிறது. கேள்வி எப்படியும் வரும் என்றால், கூட 300 ரூபாயும் வரட்டுமே. மாதம் 13,000 வாங்குகிறவருக்கு 300 சின்னத் தொகை இல்லை.

டூல்ரூம்
சார், டார்கெட்டைத் தாண்டினால் உங்கள் ஆலையில் ஷிப்டுக்கு எவ்வளவு தருகிறார்கள்?

பிரஸ்ஷாப்
120 ரூபாய்.

டூல்ரூம்
26 நாளுக்கு 3,120. இங்கேதான் விஷயம் இருக்கிறது.

பிரஸ்ஸில் இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அமுக்கினால்தான் அடி விழும். கை டைக்குள் இருக்கக் கூடாது என்பதற்காக. டார்கெட் நெருக்கும்போது ஒரு பட்டனில் டேப் ஒட்டிவிடுவார்கள், இல்லை ஒரு குச்சியைச் செருகுவார்கள். ஒரு கையால் பீஸ் போட்டு, மறு கையால் பட்டன். எல்லாருக்கும் தெரியும், சூப்பர்வைசருக்கும் தெரியும். உங்கள் ஆலையில் மிகப் பெரிய ஆபத்து அதுதான், நான் வந்து பார்க்காமலே சொல்வேன். அதை யார் எழுதுவான்? எழுதினால் பக்கத்து மெஷின்காரனுடைய 120 போகும், மெமோ வரும். ஒரே அறையில் பாய் விரித்துப் படுக்கிறவர்கள் சார் அவர்கள். பெட்டி நிறைய “லைட் எரியவில்லை”, “தரை வழுக்குகிறது” என்று சீட்டு வரும். டேப் ஒட்டியது ஒன்றுகூட வராது.

சம்பளக்கணக்கு
இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பாதிப் பதில் ஒன்று உண்டு. அமெரிக்க விமானத் துறையில் 1976 முதல் ஒரு ஏற்பாடு நடக்கிறது. விமானி, வேண்டுமென்றே செய்யாத தன் தவறைப் பத்து நாளுக்குள் எழுதி அனுப்பினால் பொதுவாக அதற்குத் தண்டனை கிடையாது. முக்கியமாக, கடிதம் போவது தண்டிக்கும் அதிகாரியிடம் அல்ல, நாசாவிடம். பெயரை எடுத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குக் காட்டுவார்கள். டேப் ஒட்டிய மெஷினைச் சொன்னால் ஆளுக்கு மெமோ கிடையாது, ஏன் ஒட்ட வேண்டி வந்தது என்று அந்த டார்கெட்டைத்தான் பார்ப்போம் என்று எழுத்தில் கொடுத்தால்?

உருக்காலைத்தோழர்
அப்படி எழுத்தில் கொடுத்தால் நான் பாதி எதிர்ப்பை விட்டுவிடுகிறேன். மீதிப் பாதிக்கு ஒரு வரி வேண்டும்: ஆபத்து என்று மெஷினை நிறுத்திய நிமிடங்களுக்காக ஆளின் டார்கெட் பணத்தைக் குறைக்கக் கூடாது. சுற்றறிக்கையில் வேண்டாம். சங்கத்தோடு கையெழுத்திடும் ஒப்பந்தத்தில், கான்ட்ராக்ட் ஆளுக்கும் சேர்த்து. அது இல்லாமல் நீங்கள் 300 கொடுத்தாலும் 3,000 கொடுத்தாலும் நான் எதிர்ப்பேன்.

பிரஸ்ஷாப்
நிறுத்திய நிமிடத்துக்காகப் பணத்தைக் குறைக்காமல் விடுவதற்கு புரொடக்ஷன் மேனேஜர் லேசில் ஒத்துக்கொள்ள மாட்டார். கேட்கத்தான் போகிறேன். மெமோ கிடையாது என்பதை நானே எழுதி வாங்கிவிட முடியும். சீட்டில் எழுத்துக்குப் பதில் மெஷின் நம்பரும் படமும் போதும் என்று வைத்தால் ஒடிசா, ஜார்கண்ட் ஆட்களும் போடலாம். 300ஐ மட்டும் விட மனமில்லை. அது கைக்கு வருவதே மெஷின் சரியான பிறகுதான் என்பதால், சரிசெய்யச் சொல்லி ஆட்களே என்னைத் துரத்துவார்கள். எனக்கு அந்தத் தொந்தரவு வேண்டும்.

இழைமுறுக்கு
சார், ஒண்ணே ஒண்ணு. உங்க பெட்டிச் சாவி யாருகிட்ட இருக்கு?

பிரஸ்ஷாப்
ஷிப்ட் சூப்பர்வைசரிடம் கொடுப்பதாக இருந்தது அம்மா. இனி என்னிடம் ஒன்று, தொழிலாளர் பிரதிநிதியிடம் ஒன்று. இரண்டு பூட்டு போடச் சொல்கிறேன்.