பழைய அமெரிக்க ராக் பாட்டுல வர்ற அந்தக் குடத்துச் சத்தம் கேட்டவங்க யாராச்சும் இருக்கீங்களா?

பாம்பன்:
மீன்பிடித் தடைக்காலம். குந்துகால்ல உக்காந்து வலை சரிபண்ணிக்கிட்டிருந்தோம். மச்சான் போன்ல பாட்டு ஓடுது. திடீர்னு கிடாருக்கு அடியில 'குளுக்கு குளுக்கு குளுக்கு'ன்னு ஒண்ணு, நிக்கவே இல்ல. ஸ்பீக்கர்ல உப்புத்தண்ணி போயிருச்சோன்னு போனை வாங்கி உதறுனேன். பேரைப் பார்த்தா தேர்ட்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ்னு ஒரு ராக் குழு, டெக்சாஸ்காரங்க, 1966. டாமி ஹால்னு ஒருத்தர் ஜாடி வாயில மைக்கைப் பிடிச்சுக்கிட்டு உள்ள குரல் குடுக்குறார். எலக்ட்ரிக் ஜக்னு அதுக்குப் பேரு. ராத்திரி அத்தை வீட்டுக் குடத்துல வாயை வச்சு நானும் போட்டேன். "காசு குடுத்து வாங்குன தண்ணிடா!"ன்னு அத்தை ஓடி வந்துச்சு. உதட்டுல ஏறுன அந்த அதிர்வு இன்னும் போகல.

தொண்டி:
தம்பி, தண்ணி நிறைஞ்ச குடத்துல எப்படி வரும்? நானும் கேட்டிருக்கேன், மதுரை பஸ்ல, ரெண்டு பாட்டு. காலிப் பாத்திரம் எடுங்க, வாய் குறுகலா இருக்கணும், ஊறுகாய் ஜாடி ஆகாது. சங்கு ஊதுற மாதிரி உதட்டை அதிர விடாதீங்க. ஜாடியையே வாத்தியமா வச்சிருந்த பழைய ஜக் பேண்டுக்காரங்க அப்படித்தான் ஊதுவாங்க, ஹால் தொண்டையிலேர்ந்து சுரத்தை ஓட்டுறார். அப்புறம் கொஞ்சங்கொஞ்சமா தண்ணி ஊத்திப் பாருங்க, உள்ள காத்து குறையக் குறைய சுருதி ஏறும். தயவுசெஞ்சு கடம் மாதிரின்னு யாரும் எழுதாதீங்க. கடம் தட்டி வாசிக்கிறது, அது தாளம். இது குரல்.

கீழக்கரை:
எனக்கு ஜாடி இல்ல, சில்வர் ஆப்பிள்ஸ்ங்கிற குழு. நியூயார்க், 1968, ரெண்டே பேர், கிடாரே கிடையாது. டேனி டெய்லர் டிரம்ஸ். சிமியோன் ஒரு குவியல் ஆசிலேட்டரை, அதாவது கரண்ட்ல சத்தம் எழுப்புற பெட்டிகளை, கூட்டி வச்சுக்கிட்டு கை, முழங்கை, முழங்கால், பாதம்னு எல்லாத்தாலயும் விசையை அமுக்கி வாசிக்கிறார். முதல் ஆல்பத்து முதல் பாட்டு 'ஆசிலேஷன்ஸ்'. ராத்திரி அதைப் போட்டேன். உள்ளேர்ந்து வாப்பா எழுந்து வந்து, "சிலோன் கிடைச்சிருச்சா?"ன்னு கேட்டாங்க.

சின்னப்புள்ளையில இலங்கை வானொலியைத் தேடி வாப்பா குமிழைத் திருகுவாங்க. ரெண்டு நிலையத்துக்கு நடுவுல 'கூ…ய்ங்'னு ஒண்ணு ஏறி இறங்குமே, அதே சத்தம். அந்த ரேடியோ கெட்டுப்போய் ரொம்ப வருஷம் ஆச்சு. இல்லன்னு சொல்ல மனசு வரல. பக்கத்துல பாயில உக்காந்து பாட்டு முடியிற வரைக்கும் கேட்டாங்க.

பாம்பன்:
தொண்டி அண்ணே, குடத்துல பாதிதான் இருந்துச்சு. கீழக்கரை, வாப்பா அடுத்த பாட்டும் கேட்டாங்களா?

கீழக்கரை:
கேட்டாங்க. வால்யூமைக் கூட்டச் சொன்னாங்க.