2009 முதல் ஒரே ப்ரீபெயிட் இலக்கம்: பழைய வாடிக்கையாளருக்கு ஏன் ஒன்றுமில்லை?

வெள்ளவத்தை டீச்சர்:
எல்லோருக்கும் வணக்கம். 2009 ஆம் ஆண்டு தொடக்கம் ஒரே நிறுவனத்தின் முற்கொடுப்பனவு இலக்கம் ஒன்றையே பாவித்து வருகிறேன். வீட்டின் முன்னறையில் கணித வகுப்பு நடத்துவதால் துண்டுப்பிரசுரம், மாணவர்களின் வரவு அட்டை, வாசலில் தொங்கும் பலகை எல்லாவற்றிலும் அந்த இலக்கம்தான் இருக்கிறது. இத்தனை வருடங்களில் ஒரு மாதமாவது ரீலோட் போடாமல் விட்டதாக நினைவில்லை.

சென்ற மாதம் காலி வீதியில் சந்தைக்கு எதிரே அந்த நிறுவனத்தின் குடையை விரித்து இரண்டு பையன்கள் சிம் விற்றுக்கொண்டிருந்தார்கள். புதிய சிம் எடுத்தால் முதல் மாத டேட்டா இலவசம், அடுத்த மாதங்களுக்குப் பாதி விலை என்றார்கள். பழைய ஆட்களுக்கு என்ன தருகிறீர்கள் என்று கேட்டேன். "அது புது ஆட்களுக்கு மட்டுந்தான் மிஸ். நீங்களும் புதுசா ஒன்று எடுங்களேன்" என்று சிரித்தபடி சொன்னான். அவனில் பிழையில்லை. ஆனாலும் வீடு வந்து சேரும் வரை அந்தப் பதில் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

அடுத்த கிழமை நடந்ததுதான் இங்கே எழுதத் தூண்டியது. என்னுடைய 30 நாள் பெக்கேஜ் ஓர் உறவினர் திருமணத்தன்று நள்ளிரவில் முடிந்துவிட்டது; நான் கவனிக்கவில்லை. மீதமிருந்த 9 ஜிபி டேட்டா அப்படியே போனது மட்டுமல்லாமல், விடிவதற்குள் கைத்தொலைபேசி தானாகவே எதையெதையோ இறக்கிக்கொண்டதால், பெக்கேஜுக்கு வெளியேயான கட்டணத்தில் கணக்கிலிருந்த 340 ரூபாயும் காலியாகிவிட்டது. வாடிக்கையாளர் சேவைக்கு எடுத்துப் பேசினேன். "நிபந்தனைகளில் இருக்கிறது" என்ற ஒரே வாக்கியத்தை மரியாதையாக மூன்று தடவை சொன்னார்கள்.

ஒப்பந்தம் இல்லாத சேவையில் நான் எத்தனை வருடமாக இருக்கிறேன் என்பதை நிறுவனம் எங்காவது குறித்து வைத்திருக்கிறதா? பிற்கொடுப்பனவுக்கு மாறினால் நிலைமை திருந்துமா? சாதாரண தரப் பரீட்சைக்கு முந்திய மாதங்களில் எனக்கு வருமானம் நன்றாக இருக்கும். விடுமுறை மாதங்களில் கையில் அதிகம் இருக்காது என்பதையும் கருத்தில் கொண்டு பதில் தாருங்கள்.

மருதானை கொமினிகேஷன்:
டீச்சர், பன்னிரண்டு வருடமாக ரீலோட் விற்கும் கடைக்காரன் என்ற முறையில் சொல்கிறேன். சிம் எப்போது இயங்கத் தொடங்கியது என்ற திகதி நிறுவனத்திடம் நிச்சயமாக இருக்கிறது. ஆனால் சலுகையைத் தீர்மானிப்பது அந்தத் திகதி அல்ல, கடைசியாகச் சில கிழமைகளில் நீங்கள் எவ்வளவு செலவழித்தீர்கள், செலவு கூடுகிறதா குறைகிறதா என்பதுதான். மாதம் தவறாமல் ரீலோட் போடுகிறவர் எப்படியும் போடப்போகிறார். ஆகவே அவருக்கு விலை குறைப்பது அவர்களுடைய கணக்கில் வீண்செலவு. ஒரு மாதம் சிம்மைக் கழற்றி மேசை இலாச்சியில் போட்டவருக்குத்தான் "உங்களுக்காக மட்டும்" என்று குறுஞ்செய்தி வரும்.

ஒருநாள் என் கடைக்கு அக்காவும் தங்கையுமாக இருவர் வந்தார்கள். இருவருடையதும் ஒரே நிறுவனம். இருவருடைய கைத்தொலைபேசியிலும் சலுகைப் பட்டியலைத் திறந்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இரண்டு மாதம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்த தங்கைக்கு அதே அளவு டேட்டா பாதி விலைக்குக் காட்டியது. அக்கா என்னை முறைத்த முறைப்பைப் பார்த்தால், விலையை நான்தான் நிர்ணயித்தேன் என்று நினைத்திருப்பீர்கள்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். புதிய சிம் ஒன்றை இயக்கிக் கொடுப்பதில் எங்களுக்குக் கிடைக்கும் கமிஷன் பழைய இலக்கத்துக்கு ரீலோட் போடுவதில் கிடைக்காது. குடைக்குக் கீழே நிற்கும் பையனுக்கும் அப்படித்தான். பழைய வாடிக்கையாளருக்காகப் பேச விற்பனைப் பக்கத்தில் ஓர் ஆளும் இல்லை.

என் யோசனை: இரண்டு சிம் போடக்கூடிய கைத்தொலைபேசி ஒன்றை எடுங்கள். பழைய இலக்கத்தை அழைப்புக்கும் வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்திக்கும் வைத்துக்கொண்டு, டேட்டாவுக்கு எது மலிவோ அதைப் போடுங்கள். ஆனால் பழையதில் அவ்வப்போது சிறிய ரீலோட் ஒன்றாவது விழ வேண்டும். நீண்ட காலம் அசையாமல் கிடக்கும் முற்கொடுப்பனவு இலக்கத்தைத் துண்டித்துவிடுவார்கள். இன்றிரவே டேட்டா எல்லையைக் கைத்தொலைபேசியின் அமைப்பில் போட்டு வையுங்கள், அந்த 340 ரூபாய்க் கதை மறுபடி நடக்கும் வாய்ப்புக் குறையும்.

100 இலக்க பஸ்:
மன்னிக்கவும் டீச்சர், இத்தனை வருடம் ஒரே நிறுவனத்தில் இருந்ததை விசுவாசம் என்று சொல்ல முடியாது. பத்து வருடமாகக் காலி வீதியில் 100 ஆம் இலக்க பஸ்ஸில்தான் கோட்டைக்குப் போய் வருகிறேன். நடத்துநர் ஒருநாளும் எனக்கு ஐந்து ரூபாய் குறைத்ததில்லை, நானும் கேட்டதில்லை. ரீலோட் போடுவதும் டிக்கெட் எடுப்பதைப் போன்றதுதானே?

வெள்ளவத்தை டீச்சர்:
உண்மைதான். ஆனால் உங்களுடைய நடத்துநர் நேற்று முதல் தடவை ஏறியவருக்குப் பாதிக் கட்டணம் என்று சொல்லிவிட்டு, உங்களிடம் முழுக் கட்டணம் வாங்கியதுண்டா?

பழைய 072:
எத்தனை வருடமாக இருக்கிறோம் என்று நிறுவனம் குறித்து வைத்திருக்கிறதா என்ற டீச்சரின் கேள்விக்கு நான் ஒரு வாழும் உதாரணம். என்னுடைய 072 இலக்கம் செல்டெல் காலத்தது. 1989 இல் இந்த நாட்டில் முதன்முதலாகக் கைத்தொலைபேசிச் சேவையைத் தொடங்கிய நிறுவனம் அது. பிறகு அது டிகோ ஆயிற்று, 2010 இல் எடிசலாட் ஆயிற்று, 2018 இல் ஹட்ச் உடன் இணைந்தது. நான் ஒரே இடத்தில் இருந்தேன். வீட்டுக்காரர்தான் மாறிக்கொண்டே இருந்தார். எந்த வீட்டுக்காரரிடம் போய் நான் இத்தனை வருடக் குடியிருப்பாளர் என்று சொல்வது? எயார்டெல்லின் இலங்கைச் சேவையை 2024 இல் டயலொக் எடுத்துக்கொண்ட பிறகு 075 காரர்களும் எங்கள் கூட்டத்தில் சேர்ந்துவிட்டார்கள்.

ஒப்பந்தம் இல்லாததன் பெரிய குறை சலுகையில் இல்லை, விலைக்கு எந்த உத்தரவாதமும் இல்லாததில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். 2022 ஐ நினைத்துப் பாருங்கள். யூன் மாதத்தில் தொலைத்தொடர்பு வரி 11.25 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாக உயர்ந்தது, பெறுமதி சேர் வரியும் 8 இலிருந்து 12 ஆகி, அதே செப்டெம்பரில் 15 ஆகி, 2024 சனவரியில் 18 ஆயிற்று. இதற்கிடையில் 2022 செப்டெம்பரில் கைத்தொலைபேசிக் கட்டணங்களும் 20 சதவீதத்தால் உயர்ந்தன. இந்த நாளிலிருந்து இத்தனை மாதத்துக்கு இன்ன விலை என்று எழுதிக் கையொப்பமிட்ட தாள் ஒன்று நம்மிடம் இல்லாததால், அடுத்த ரீலோட்டிலேயே எல்லாம் நம் தலையில் விழுந்தது. பிற்கொடுப்பனவுக்காரருக்கும் அப்போது கட்டணம் உயர்ந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும், ஆகவே அந்தப் பக்கம் ஓடினால் நிழல் கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன்.

கொட்டாஞ்சேனை வாசி:
நான் 2016 இல் பிற்கொடுப்பனவுக்கு மாறியவன். நன்மை இல்லாமல் இல்லை. பெக்கேஜ் முடிந்ததா என்று நள்ளிரவில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை, எந்த அழைப்புக்கு எவ்வளவு என்று பட்டியலாகப் பில் வருகிறது, குடும்பத்தில் நான்கு பேரை ஒரே பில்லில் சேர்க்க முடிகிறது. சேவை நிலையத்துக்கு எடுத்தால் விரைவாகப் பேசுகிறார்கள் என்பதும் என் அனுபவம்.

ஆனால் அங்கும் வருடக் கணக்குக்கு மதிப்பு இருப்பதாக எண்ணிவிடாதீர்கள். அம்மாவை வைத்தியசாலையில் சேர்த்த இரவில் வெளிநாட்டிலுள்ள சகோதரர்களுக்கு நான் மாறிமாறி அழைத்துக்கொண்டிருந்தேன். கடன் எல்லை முடிந்துவிட்டது என்று வெளிச்செல்லும் அழைப்புகளை நிறுத்திவிட்டார்கள். எட்டு வருடமாக ஒரு பில்லையும் தவறவிட்டவன் அல்ல. வாசலில் நின்ற முச்சக்கரவண்டிச் சாரதி தன் கைத்தொலைபேசியைத் தந்தார், அதில் அண்ணாவுக்கு ஒரு மிஸ்ட் கோல் கொடுத்து, அவர் திருப்பி எடுத்தபின்தான் பேச முடிந்தது. மறுநாள் காலை இணையத்தில் பணம் கட்டியதும் இணைப்பு வந்தது. கடன் எல்லையைக் கூட்டுவதற்கு வைப்புப் பணம் கேட்டார்கள்.

உங்களைப் போல் வருமானம் ஏறி இறங்குகிறவருக்கு முற்கொடுப்பனவு ஒரு காவலும்கூட. வகுப்பு இல்லாத மாதத்தில் ரீலோட்டைக் குறைத்துவிடலாம். பிற்கொடுப்பனவில் நீங்கள் ஓர் அழைப்பும் எடுக்காவிட்டாலும் மாத வாடகையும் அதன்மேல் வரியும் வந்தே தீரும். மாறுவதென்றால் முதலில் அந்த இலக்கம் யாருடைய பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். அந்தக் காலத்தில் யார் யாருடைய அடையாள அட்டையிலோ சிம் எடுத்தோம்.

ஹரோவிலிருந்து:
கொழும்பில் பிறந்து இப்போது இலண்டனில் இருப்பவன். இங்கே இதே முறைப்பாடு ஒப்பந்தக்காரரிடமிருந்துதான் வந்தது. கைத்தொலைபேசியின் விலையையும் சேர்த்து மாதாமாதம் கட்டி, ஒப்பந்தம் முடிந்த பிறகும் கவனிக்காமல் அதே தொகையையே கட்டிக்கொண்டிருந்தவர்கள் ஏராளம். "விசுவாசத்துக்கான தண்டம்" என்றே இதற்குப் பெயர் விழுந்தது. சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற அமைப்பு 2018 செப்டெம்பரில் இதைப் போட்டிக் கண்காணிப்பு ஆணையத்திடம் முறையிட்டபோது, கைத்தொலைபேசி, இணையம், காப்புறுதி, வீட்டுக்கடன், சேமிப்பு ஆகிய ஐந்திலும் சேர்த்து வருடத்துக்கு 4.1 பில்லியன் பவுண் இப்படிப் போவதாகக் கணக்குக் காட்டியது. 2020 பெப்ரவரியிலிருந்து, ஒப்பந்தம் முடியப்போகிறது, இதைவிட மலிவாக இன்னின்னது இருக்கிறது என்று நிறுவனமே அறிவிக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய ஆயுதம் இலக்கத்தைக் கையோடு கொண்டுபோகும் உரிமை. 2019 யூலை முதல் இங்கே ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் குறியீடு வந்துவிடும், ஒரு வேலை நாளில் நிறுவனம் மாறிவிடலாம். இந்தியாவில் 2011 சனவரி முதல் நாடு முழுவதும் இலக்கத்தை மாற்றாமல் நிறுவனம் மாறலாம். நம் ஊரில் இதைப் பற்றிப் பல வருடங்களாகப் பேச்சு இருக்கிறது. 071 என்றால் ஒரு நிறுவனம், 077 என்றால் இன்னொரு நிறுவனம் என்று முதல் மூன்று எண்களே காட்டிக்கொடுக்கும் வரை, டீச்சரைப் பிடித்து வைத்திருப்பதற்கு ஒப்பந்தம் எதற்கு? வாசலில் தொங்கும் பலகையே போதும்.

வெள்ளவத்தை டீச்சர்:
எல்லோருக்கும் நன்றி. டேட்டா எல்லையை அன்றிரவே போட்டுவிட்டேன். இரண்டாவது சிம் வாங்குவதற்கு முன், கொட்டாஞ்சேனை வாசி சொன்னதைப் பார்த்துவிடலாம் என்று நேற்றுக் கிளைக்குப் போனேன். அங்கிருந்த பிள்ளை என் இலக்கத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, என்னுடைய அடையாள அட்டையை ஒருதடவை, திரையை ஒருதடவை பார்த்தது. பிறகு திரையை என் பக்கம் திருப்பிக் காட்டியது. அதில் இருந்தது என் பெரியப்பாவின் பெயர்.

2009 இல் நான் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது சிம்மை வாங்கித் தந்தவர் அவர்தான். 2015 இல் 4ஜி சிம் மாற்ற வேண்டி வந்தபோதும், "நீ வகுப்பைப் பார், நான் வெயிலில் போய் வருகிறேன்" என்று அவரே போய் எடுத்து வந்தார். அவர் இறந்தது 2017 இல். அதற்குப் பிறகு நான் போட்ட ரீலோட் எல்லாம் அவருடைய கணக்கில்தான் ஏறியிருக்கிறது. போன சித்திரையில் "அன்பான வாடிக்கையாளரே" என்று வந்த புத்தாண்டு வாழ்த்தும் அவருக்குத்தான்.

பெயர் மாற்றாமல் பிற்கொடுப்பனவுக்கு மாற முடியாது. பெயர் மாற்றுவதற்கு இறப்புச் சான்றிதழும் பெரியம்மாவின் கடிதமும் வேண்டும் என்றார்கள். பெரியம்மா டொராண்டோவில் இருக்கிறார், கை நடுங்குவதால் கையொப்பம் முன்னைப்போல் இல்லை. ஆகவே இந்த மாதமும் அதே 30 நாள் பெக்கேஜையே போட்டிருக்கிறேன், முடியும் திகதியைக் கரும்பலகையின் மூலையில் எழுதி வைத்திருக்கிறேன்.

கடிதத்துக்குப் பதிலாக சமாதான நீதவான் முன்னிலையில் நான் முடித்த சத்தியக் கடதாசி ஒன்றை ஏற்றுக்கொள்வார்களா? இப்படி யாராவது மாற்றியிருந்தால், எந்தக் கிளையில், என்னென்ன பத்திரங்கள் கேட்டார்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.