ஆட்டைக் கடித்தது நாய், ஊரைச் சுற்றியது சிறுத்தை

பேரணாம்பட்டு பக்கத்திலிருந்து:

எங்கள் ஊரிலிருந்து மலையைத் தாண்டினால் ஆந்திராவின் கவுண்டன்யா சரணாலயம். யானையும் சிறுத்தையும் நிஜமாகவே எட்டிப் பார்க்கிற பக்கம் என்பதால், 'சிறுத்தை' என்று யார் சொன்னாலும் சந்தேகப்படத் தோன்றாது.

ஒரு மார்கழி விடியற்காலை, பெரியப்பாவின் பட்டியில் ஓர் ஆடு கழுத்தில் கடிபட்டுக் கிடந்தது. "நாயா, வேற எதனாவா, தெரிலயேபா" என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். பால் ஊற்றப் போன இடத்தில் நான் அதைச் சொன்னேன். 'வேற எதனாவா' என்பதை மட்டும் கொஞ்சம் இழுத்துச் சொன்னேன், ஒத்துக்கொள்கிறேன். கேனைக் கழுவிக்கொண்டு திரும்புவதற்குள் சிறுத்தை வந்துவிட்டது. டீக்கடையில் அதற்கு ரெண்டு குட்டி. ரேஷன் கடை வரிசையில், அது ஏரிக்கரையில் தண்ணீர் குடித்ததைப் பார்த்த சாட்சியே இருந்தார். நெருக்கிக் கேட்டால், பார்த்தது அவருடைய மச்சானாம். (இந்த மாதிரி விஷயங்களை எப்போதும் மச்சான்தான் பார்க்கிறார்.)

பதினொரு மணிக்கு, ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் அக்கா அழுதுகொண்டே போன் செய்தாள். "எம்புள்ளைய சிறுத்தை அடிச்சிடுச்சாமே, ஏண்டா மறைக்கிறீங்க?" பையன் என் பக்கத்தில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தான். போனை அவனிடம் கொடுத்தும் நம்பவில்லை. வீடியோவில் முகத்தைக் காட்டிய பிறகுதான் அழுகை நின்றது.

மதியம் வந்த வனத்துறைக்காரர், பட்டி ஓரத்து ஈர மண்ணில் இருந்த தடத்தைக் காட்டினார். நான்கு விரலுக்கு முன்னாலும் குச்சியால் குத்தினது போல நகம் பதிந்திருந்தது. "சிறுத்தை நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கும். இது நாய்ங்க." எல்லோரும் தலையாட்டினார்கள். சாயங்காலம் புதுக்கதை: கூண்டு வைக்கிற செலவுக்குப் பயந்து நாய் என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்களாம்.

போளூர் பக்கத்திலிருந்து:

உங்களுடையது சிரிப்போடு போயிற்று. உங்கள் ஊரைப் போலவே எங்கள் பக்கமும் 1989 வரை வட ஆற்காடு மாவட்டம்தான். 2018 மே மாதம் நினைவிருக்கிறதா? பிள்ளை பிடிக்கும் வடக்கத்திக் கும்பல் என்று வாட்ஸ்அப்பில் ஓடிக்கொண்டிருந்த நேரம். போளூர் அருகே குலதெய்வம் கும்பிட வந்த சென்னைப் பாட்டி ஒருவர் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அதற்கே அடித்துக் கொன்றுவிட்டார்கள். ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கு மேல் தள்ளிவிட முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது அப்புறம் ஜூலையில்தான்.

அந்தச் சமயத்தில் எங்கள் தெருவுக்குப் போர்வை விற்கிற இந்திக்காரர் ஒருவர் வண்டியில் வந்தார். பத்துப் பதினைந்து பேர் சூழ்ந்து சாவியைப் பிடுங்கிவிட்டார்கள். மூட்டைக்குள் மயக்க மருந்து இருக்கிறது என்றான் ஒருவன். மூட்டையை அவிழ்த்துப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. என் ஆயா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். "டேய், இவன் போன தையில நமக்குப் போர்வை குடுத்த பையன்டா. நாந்தான் இவனுக்கு அம்பது ரூபா பாக்கி தரணும்."

யாரோ சிரித்துவிட்டார்கள். சாவி திரும்பக் கிடைத்தது. ஆயா நீட்டிய பணத்தை வாங்கக்கூட அவர் நிற்கவில்லை. அதற்குப் பிறகு வரவுமில்லை. அந்த ஐம்பது ரூபாயை ஆயா இருந்தவரைக்கும் சுருக்குப் பையில் தனியாக மடித்து வைத்திருந்தாள்.