லிகெட்டி, கோரெட்ஸ்கி கேட்க ஆம்ப் மாற்ற வேண்டுமா?

சத்துவாச்சாரி செவி

லேப்டாப்பின் 3.5 மிமீ ஜாக்கிலிருந்து ஒயர் ஸ்டீரியோ ஆம்புக்குப் போகிறது. அதற்குப் பின் 4 அங்குல வூஃபர் வைத்த சிறிய ஸ்பீக்கர் இரண்டு. ஹால் 12க்கு 14 அடி. கர்நாடகக் கச்சேரியும் சினிமாப் பாட்டும் இதில் குறையில்லாமல் கேட்கின்றன. மேற்கத்திய நவீன இசையமைப்பாளர் லிகெட்டியின் ‘அட்மோஸ்ஃபியர்’ (1961) போட்டால்தான் வம்பு. தொடக்கத்தில் ஏதாவது ஓடுகிறதா என்றே தெரியவில்லை. வால்யூமை ஏற்றி வைத்தால், பிக்கோலோக்கள் (சின்னப் புல்லாங்குழல்கள்) உச்சிக்குப் போய்க் கீச்சிடும் இடத்தில் தெருவே திரும்பிப் பார்க்கும். இன்னொரு இசையமைப்பாளர் கோரெட்ஸ்கியின் மூன்றாவது சிம்ஃபனி தொடங்கும்போது கூடவே ஒரு ‘ம்ம்ம்’ வருகிறது. அது பதிவில் இருப்பதா, என் ஒயரில் இருப்பதா? ஸ்டீவ் ரைஷ் 18 வாத்தியக்காரர்களுக்கு எழுதிய படைப்பு ட்ராக் மாறுமிடத்தில் ஒரு கணம் அறுந்துபோகிறது. 20,000 ரூபாய்க்கு வேறு ஆம்ப் எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?

பாலாறு

எடுக்காதீர்கள். கோளாறு ஆம்பில் இல்லை, தலைக்கு மேல் சுற்றுகிறது.

கத்திரி வெயிலில் சீலிங் ஃபேன் 5இல் ஓடினால் நீங்கள் உட்காருமிடத்தில் ஏறத்தாழ 50 டெசிபல் இரைச்சல் இருக்கும். போனில் அளக்கும் ஆப் சில டெசிபல் முன்பின் காட்டும். ஃபேனை நிறுத்தி ஒருமுறை, ஓடவிட்டு ஒருமுறை அளந்து வித்தியாசத்தை மட்டும் பாருங்கள். அக்கம்பக்கம் பொறுக்கும் உச்சம் 85 என்று வைத்துக்கொண்டால் உங்களுக்கு மிஞ்சுவது 35 டெசிபல் இடைவெளி. சினிமாப் பாட்டு அதில் தாராளமாக அடங்கிவிடும். அட்மோஸ்ஃபியர் மாதிரிப் பெரிய வாத்தியக் குழுப் படைப்பின் நல்ல பதிவில் உச்சத்துக்கும் அடிக்கும் நடுவே 50 டெசிபல் போகும். அடியில் உள்ள 15ஐ ஃபேன் தின்றுவிடுகிறது. சாதாரண 16 பிட் சிடியிலேயே 96 டெசிபலுக்கு இடம் உண்டு, அதனால் 24 பிட் ஃபைலுக்குக் காசு கொடுத்தாலும் இந்த ஹாலில் ஒன்றும் கூடிவிடாது.

ஃபேனை நிறுத்த முடியாது, நம்மூர் அப்படி. எனவே இரைச்சலைக் காதுக்கு வெளியே நிறுத்துங்கள். காதுக்குள் அடைத்து உட்காரும் ஒயர் இயர்போன், சரியான அளவு ரப்பர் முனையோடு 15 முதல் 25 டெசிபல் தடுக்கும். மூன்று அளவு முனையும் பெட்டியிலேயே வரும். மூன்றையும் போட்டுப் பாருங்கள். முனை சிறிதாக இருந்து காற்று கசிந்தால் முதலில் காணாமல் போவது பேஸ் எனும் தாழ்ந்த ஒலிதான். கோரெட்ஸ்கி கான்ட்ராபேஸ்களை (வயலின் போன்ற, ஆளுயரத் தாழ்சுருதி வாத்தியம்) மட்டும் வைத்துத் தொடங்கி ஒவ்வொரு குரலாக மேலே அடுக்குகிறார். கசியும் முனையில் அந்த அஸ்திவாரமே இருக்காது. உங்கள் 4 அங்குல வூஃபரிலும் பாதிதான் வரும். கான்ட்ராபேஸின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ், அந்த அளவு ஸ்பீக்கர் பெரும்பாலும் 60, 70க்குக் கீழே சரிந்துவிடும்.

அடுத்து செட்டிங். ஸ்ட்ரீமிங் ஆப்பில் ‘வால்யூம் நார்மலைசேஷன்’ (எல்லாப் பாட்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவரும் வசதி) இருந்தால் அணைத்துவிடுங்கள். ஸ்பாட்டிஃபையில் அதை ‘லவுட்’ என்று வைத்தால் லிமிட்டர் வேலை செய்து உச்சத்தை நசுக்கும். ஃபைலாகக் கேட்பவர்கள் ஃபூபார்2000 ப்ளேயரில், சத்த அளவைச் சமன்செய்யும் ரீப்ளேகெயினை ‘ஆல்பம்’ முறையில் வையுங்கள். ‘ட்ராக்’ முறை மெல்லிய ட்ராக்கையும் உரத்த ட்ராக்கையும் ஒரே மட்டத்துக்கு இழுத்துவிடும், இசையமைத்தவரின் கணக்கு பாழ்.

ரைஷ் அறுவதற்குக் காரணம் எம்பி3. அது 1,152 சாம்பிள் கொண்ட கட்டங்களாக அடுக்கப்படுகிறது. கடைசிக் கட்டம் நிரம்பாவிட்டால் மௌனத்தைப் போட்டு நிரப்பும், முன்பக்கமும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் ஃபைலில் இந்தத் தொல்லை இல்லை. 1978இல் வந்த இசிஎம் நிறுவனப் பதிவு சிடியில் முழுதும் ஒரே ட்ராக், அதில் அறுவதற்கே வழியில்லை. 1998 நான்சச் நிறுவனப் பதிவுதான் 14 ட்ராக்காக வெட்டப்பட்டது. ஒரு ட்ராக்கின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் கிராஸ்ஃபேடையும் பூஜ்யத்தில் வையுங்கள்.

கொசப்பேட்டை ஒயர்மேன்

அந்த ‘ம்ம்ம்’ பதிவில் இல்லை, கரண்டில் வருவது. 50 ஹெர்ட்ஸ் என்பது கான்ட்ராபேஸின் ஒரு சுரத்துக்கு (49) ஒட்டியே இருப்பதால் இசையோடு உரசிக் குழப்புகிறது.

முதலில் ஆம்பின் பின்னால் உள்ள உள்ளீட்டு ஒயரைக் கழற்றுங்கள். அப்போதும் சத்தம் தொடர்ந்தால் ஆம்புக்குள் ஃபில்டர் கெப்பாசிட்டர் போயிருக்கலாம். நின்றுவிட்டால் ஒயர் வழியாக வருகிறது. அடுத்து ஒயரைத் திரும்ப மாட்டி, லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டுங்கள். சத்தம் போனால் சார்ஜர்தான் வழி. லேப்டாப்பையும் ஆம்பையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டுங்கள். அதற்கும் அடங்கவில்லையா, ஆடியோ ஒயரின் நடுவில், இரண்டு பக்கத்தையும் மின்சார ரீதியில் பிரிக்கும் ஒரு ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போதும். மூன்று முனை பிளக்கில் எர்த் முனையை உடைத்துவிட்டு ‘சத்தம் போச்சு’ என்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். ஷாக் அடித்தால் காப்பாற்ற அங்கே ஒன்றுமில்லை.

எர்த் குழியைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? பாலாற்றுப் பக்கம் கோடையில் மண் பிளந்து கிடக்கும். உப்பும் கரியும் போட்ட குழி காய்ந்தால் எர்த் ரெசிஸ்டன்ஸ் ஏறிவிடும். வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டர் வைத்து ஐந்தாறு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், அது பாட்டு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமல்ல.

‘ம்ம்ம்’ இல்லாமல் ‘கிர்ர்ர்’ என்றால் ஃபேன் ரெகுலேட்டரைச் சந்தேகியுங்கள். படியில்லாமல் திருகும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் கரண்டின் அலையை வெட்டி வெட்டி அனுப்பும். க்ளிக் க்ளிக் என்று படிப்படியாக மாறும் கெப்பாசிட்டர் வகை போட்டால் அடங்கும். கரண்ட் போனதும் ‘கிர்ர்ர்’ தொடங்கினால் அது ஸ்கொயர் வேவ் இன்வர்ட்டர்.

சத்துவாச்சாரி செவி

சார்ஜரைப் பிடுங்கியதும் ‘ம்ம்ம்’ நின்றது, ஒயர்மேன் அண்ணா, நன்றி. இன்னொரு சந்தேகம். இசையமைப்பாளர் ஆர்வோ பேர்ட்டின் ‘கேண்டஸ்’ (1977) முடியும்போது தந்திகள் நின்று மணியின் அதிர்வு மட்டும் மிஞ்ச வேண்டும். உள்ளறையில் உள்ள புளூடூத் சவுண்ட்பாரில் அது பொசுக்கென்று வெட்டுப்படுகிறது. இரவில் ஸ்பீக்கரில் கேட்க வேறு வழி உண்டா?

காட்பாடி ஜங்ஷன்

பல சவுண்ட்பார்களில் சிக்னல் ஒரு மட்டத்துக்குக் கீழே போனால் ஒலியை மூடிவிடும் ஏற்பாடு உண்டு, மின்சாரம் மிச்சமாகவும் இரைச்சல் தெரியாமலும் இருக்க. மெனுவில் ‘ஆட்டோ ஸ்டாண்ட்பை’, ‘ஈகோ’ இருந்தால் அணையுங்கள். ஆக்ஸ் ஒயரில் மாட்டியும் பாருங்கள். இரண்டுக்கும் மசியவில்லை என்றால் அந்தப் பெட்டி இந்த இசைக்கு ஆகாது.

இரவுக்கு நான் கம்ப்ரஸர் (உரத்ததைத் தணித்து மெல்லியதை ஏற்றும் வசதி) சொல்வேன். பாலாறு சண்டைக்கு வருவார், வரட்டும். விஎல்சி ப்ளேயரில் ‘எஃபெக்ட்ஸ் அண்ட் ஃபில்டர்ஸ்’ திறந்து கம்ப்ரஸரில் த்ரெஷோல்ட் -30, ரேஷியோ 2, அட்டாக் 50, ரிலீஸ் 800, மேக்கப் கெயின் 12. உச்சம் 3 டெசிபல்தான் இறங்கும், அடிமட்டம் 12 ஏறும். 50 டெசிபல் பரப்பு 35 ஆகிவிடும், அதாவது மேலே கணக்குப் போட்ட அந்த இடைவெளிக்குள் அப்படியே உட்காரும். விண்டோஸில் வரும் ‘லவுட்னெஸ் ஈக்வலைசேஷன்’ மட்டும் வேண்டாம், மூச்சு வாங்குகிற மாதிரி ஒலி ஏறி இறங்கும்.

பாலாறு

சண்டை இல்லை, ஒரு திருத்தம். லிகெட்டிக்கு இரவில் பொறுத்துக்கொள்ளலாம். கேண்டஸுக்குக் கூடாது. மணி தேயத் தேயக் கம்ப்ரஸர் தன் பிடியை விட்டு மேலே தூக்கும், அதிர்வு தேய்வதே தெரியாது. அதை மட்டும் இயர்போனில் கேளுங்கள், ஃபேன் 2இல்.

காட்பாடி ஜங்ஷன்

சரி, ஒத்துக்கொள்கிறேன். இசையமைப்பாளர் ஃபெல்ட்மனின் இரண்டாவது தந்தி நால்வர் (ஸ்ட்ரிங் குவார்டெட், 1983) பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று: அது ஏறக்குறைய 6 மணி நேரம். 24 பிட் 96 கிலோஹெர்ட்ஸ் வேவ் ஃபைல் மணிக்கு 2 ஜிபி பிடிக்கும். வேவ் வடிவத்தின் எல்லையே 4 ஜிபிதான், ஃபேட்32 பென்டிரைவும் அதற்கு மேல் ஒரே ஃபைலாக ஏற்காது. ஃபிளாக்காக மாற்றி எக்ஸ்ஃபேட் டிரைவில் போடுங்கள்.