ஆய்வோ: ஓசியானிய மொழியா, பப்புவா மொழியா?

வேர்நாடி: சாலமன் தீவுகளின் டெமோட்டு மாகாணத்தைச் சேர்ந்த ரீஃப் தீவுகளில் சில ஆயிரம் பேர் பேசும் ஆய்வோ ஒரு பப்புவா மொழி என்று நண்பர் அலைகடல் போகிறபோக்கில் எழுதியிருப்பதைப் படித்து எரிச்சலடைந்தேன். அம்மொழியின் சொற்கள் எவ்வளவு தேய்ந்திருந்தாலும் அவற்றின் ஒலிகள் மூல ஓசியானியத்தோடு, அதாவது தைவான் முதல் பசிபிக் வரை பரவிய ஆஸ்திரோனேசியக் குடும்பத்தின் ஓசியானியக் கிளைக்குத் தாயான மொழியோடு, ஒழுங்காகப் பொருந்துவதை மொழியியலாளர்கள் மால்கம் ராசும் ஓஷில்ட் நெஸ்ஸும் 2007இல் காட்டிவிட்டார்கள். செய்தி அவரை எட்டவில்லை போலும்.

அலைகடல்: எட்டியது ஐயா. பப்புவா மொழிகளில் காண்பதுபோல, ஆய்வோவில் பெயர்ச்சொற்களை வகைபிரிக்கும் அந்த முன்னொட்டுகள் எங்கிருந்து வந்தன? 1970களில் மொழியியலாளர் ஸ்டீபன் வூர்ம் சுட்டியதும் அதையே. அதற்கு மட்டும் விடை சொல்லுங்கள்.

வேர்நாடி: நெஸ் 2006இலேயே சொல்லிவிட்டார். அவற்றுள் பல வகைக்குறிகளே அல்ல. ஆண், பெண், மக்கள் என்று பொருள் தரும், ஆனால் தனித்து நிற்காத பெயர்கள். ‘பாடியவன்’, ‘பாடியவள்’ என்பவற்றின் ஈற்றைச் சொல்லுக்கு முன்னால் வைத்துப் பார்த்தால் உங்களுக்கும் விளங்கும்.

அலைகடல்: ‘பல’ என்கிறீர்கள். மீதி முன்னொட்டுகள்? மொழியின் பெயரில் உள்ள ஆய்வு உங்கள் பதிலில் இல்லை.

மணிப்பவளம்: குறுக்கிடுவதைப் பொறுத்தருள்க. ‘பப்புவா’ என்பது ஒரே குடும்பமன்று. ஆஸ்திரோனேசியத்தில் சேராத பல குடும்பங்களுக்கு இட்ட பொதுப்பெயர். இருவரும் எதைக் கருதுகிறீர்கள்?

வேர்நாடி: அது பிறகு. ரீஃப் தீவுகளின் நெனும்போவில் தொல்லியலாளர் ராஜர் கிரீன் அகழ்ந்தெடுத்த, ஓசியானிய மொழிகளைப் பரப்பியவர்களாகக் கருதப்படும் லாப்பிட்டா மக்களின் மட்கலங்கள் ஏறத்தாழ 3000 ஆண்டுப் பழைமை உடையவை. அங்குக் கிடைத்த எரிமலைக் கண்ணாடிக் கல், ஏறக்குறைய 2000 கிலோமீட்டருக்கு அப்பால் நியூ பிரிட்டனின் தலாசியாவிலிருந்து கடல்வழி வந்தது. லாப்பிட்டா மக்களுக்கு முன் அத்தீவுகளில் குடியிருப்பு இருந்ததற்குத் தடயமே இல்லாதபோது, உங்கள் பப்புவாக்காரர்கள் வானத்திலிருந்து குதித்தார்களா?

அலைகடல்: பின்னர் வந்திருக்கலாமே. தெற்கே உள்ள தீவு நாடான வனுவாட்டுவின் முதல் லாப்பிட்டா எலும்புகளில் பப்புவா மரபணு மிகக் குறைவு. இன்றைய மக்களிடம் அதுவே மிகுதி.

வேர்நாடி: நன்றி. மரபணு அவ்வளவு மாறியும் வனுவாட்டுவின் பழங்குடி மொழிகள் அனைத்தும் ஓசியானியமாகவே நிற்கின்றன. உங்கள் சான்றே உங்கள் வாயை அடைக்கிறது. கடன்சொற்களை எண்ணிவிட்டு ஃபிஜிக்கு வடக்கே உள்ள ரொட்டுமா தீவின் மொழியை, ஓசியானியத்தின் உட்கிளையான பாலினீசியத்தைச் சேர்ந்தது என்று சென்ற ஆண்டு சாதித்தவரும் நீங்கள்தாமே?

அலைகடல்: ரொட்டுமாவை இங்கே இழுப்பது முன்னொட்டுக்கு விடையாகாது.

வேர்நாடி: விடை மேலே இருக்கிறது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படியுங்கள்.

அலைகடல்: படித்தேன். ‘பல’ என்றுதான் இன்னும் இருக்கிறது.